ஒரு சாண் சிமெண்ட்

மரவனேரி மைதானத்துக்குப் புல் வந்து இறங்கியது
லாரியில், பாய் மாதிரிச் சுருட்டி,
ஒரு சுருளுக்கு நாலு பேர் தோள் கொடுத்து.
புல்லுக்கு இவ்வளவு கனமா என்று கேட்டாள் கைருன்னிசா.
பசை நாற்றம் மூன்று நாள் போகவில்லை.
நாலாம் நாள் ரிப்பன் வெட்டினார்கள்.
கவுன்சிலர் கையில் பந்தைக் கொடுத்துத் தட்டச் சொன்னோம்.
தட்டினார். பந்து
அவர் முழங்காலுக்குக் கீழேயே நின்று யோசித்தது.
படம் எடுப்பவர் சொன்னார்:
கையிலேயே வச்சுக்குங்க சார்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.
எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
தரைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில்
பந்தைத் தொலைக்காமல் கூட்டிப்போவது.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
இரண்டு ஆட்டோவுக்கு இடையே சைக்கிள் விடுகிற மாதிரி
நெட்டைக் கால்களுக்குள் நுழைந்து
மறுபக்கம் வந்துவிடுவது.
பகலில் கொலுசுப் பட்டறையில் மணி கோக்கிறேன்.
எத்தனை மணி என்று விரல் எண்ணும்,
கண் வேண்டாம்.
பந்தும் அப்படித்தான் இருந்தது;
சத்தம் வந்த இடத்துக்குக் கை தானே போகும்.

இப்போது சத்தம் இல்லை.
மூட்டை இறக்கிய மாதிரி
பொத்தென்று ஒன்று.
தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன்:
முன்பெல்லாம் இடுப்புக்கு வரும்,
இப்போது கெண்டைக்கால்.
காற்று கம்மி என்றார்கள். அடித்தோம்.
பந்து பழசு என்றார்கள்.
ஆளுக்கு இருநூறு போட்டு வாங்கினோம்.
புதுசும் புல்லைப் பார்த்ததும் படுத்துக்கொண்டது.

யாரைக் குறை சொல்ல.
பழைய சிமெண்டில் விழுந்து
மைதிலிக்கு முட்டியில் ஏழு தையல்.
அவள் இந்தப் புல்லில் பயமில்லாமல் விழுந்தாள்,
சிரித்தாள்,
வேண்டுமென்றே இன்னொரு தரம் விழுந்தாள்.
எதிர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர்
மனுப் போடுவதை நிறுத்திவிட்டார்.

ஆட்டம் மாறியது.
தட்ட முடியாததால் எறிந்தோம்.
பிலோமினா ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு;
கூடைக்கடியில் நின்றாள்,
எல்லாரும் அவளுக்கே எறிந்தார்கள்.
நான் கோட்டோரம்,
ரேஷன் கடை வரிசையில் போட்டுவைத்த செருப்பு மாதிரி
யாருக்கோ இடம் பிடித்து நின்றேன்.

சித்திரையில் சேலத்து வெயிலுக்கு அது கொதித்தது.
நாலரை மணிக்கும் கால் வைக்க முடியாது.
வாளி வாளியாக ஊற்றி
முளைக்காத ஒன்றுக்குப் பாசனம் செய்தோம்.
அந்தப் பக்கம் ஏற்காட்டு மலை
மேகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியது,
ஒரு சொட்டும் கீழே அனுப்பாமல்.
கறுப்பு ரப்பர் மணிகள் சாக்ஸுக்குள் ஒளிந்து
வீடுவரை வந்தன.
ஒன்று ரசத்தில் கிடந்தது.
கடுகென்று நினைத்து மென்றார் என் வீட்டுக்காரர்.
தாளிப்பு சரியில்ல, என்றார்.

ஆடி முதல் வாரம்
கிழக்கு மூலையில், பேஸ்லைனை ஒட்டி,
இரண்டு சுருள் சேருமிடத்தில் பசை விட்டிருந்தது.
அடியில் ஒரு சாண் சிமெண்ட்,
பழைய மஞ்சள் கோட்டின் துண்டோடு.
பந்தை அங்கே விட்டேன்.

டொக்.

எல்லாரும் திரும்பினார்கள்.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.

அந்த ஒரு சாணுக்குள்ளேயே தட்டப் பழகினேன்,
வலக்கை, இடக்கை, காலுக்கிடையில்.
பிலோமினா மறிக்க வந்தாள்.
பந்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும்,
விழ வேறு இடமே இல்லை.
எப்போது என்றுதான் தெரியாது.

யாரும் கிழிக்கவில்லை, சத்தியமாக.
சௌடேஸ்வரி மட்டும்
ஓரத்தில் நின்று பேசும்போது
கால் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டிருப்பாள்,
பேச்சுவாக்கில்.
நேற்று அளந்தேன்: ஒன்றே முக்கால் சாண்.
மாநகராட்சியிலிருந்து
பசை டப்பாவோடு ஆள் வருவதாகத் தகவல்.
திங்கட்கிழமையாம்.

இன்று வியாழன்.